வரிசையில் வாருங்கள், உங்களை அளக்க வேண்டும்

எங்கள் பிள்ளைகளை அளந்து முடித்துவிட்டார்கள். மரக்கட்டைகளைப் பலகையில் பொருத்தச் சொல்லி அளந்தார்கள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்டு அளந்தார்கள். பினே-காமத் என்றும் மாலின் என்றும் பெயர் போட்ட தாள்களை வைத்து அளந்தார்கள். கடைசியில் ஓர் எண்ணைச் சொன்னார்கள். அதைச் சதவீதமாக்கி, லேசானது 50, மிதமானது 75, தீவிரமானது 90, மிகத் தீவிரமானது 100 என்று காலங்காலமாக இருந்துவரும் கணக்குப்படி சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நன்றி. லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இந்த அளவைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வைன்லண்ட் சமூக முதிர்ச்சி அளவை. அமெரிக்காவின் நியூஜெர்சியில், வைன்லண்ட் என்ற ஊரிலிருந்த பயிற்சிப் பள்ளியில் எட்கர் டால் என்ற உளவியலாளர் 1930-களில் உருவாக்கியது. நாக்பூரில் இருந்த மாலின் அதை நம் நாட்டுக்குத் தக்கபடி மாற்றினார். 8 துறைகள், 89 கேள்விகள். பிள்ளையைக் கேட்க மாட்டார்கள், பெற்றோரைக் கேட்பார்கள். தானாகச் சாப்பிடுவானா? பொத்தான் போடுவானா? தின்னக்கூடியது எது, கூடாதது எது என்று தெரியுமா? சின்னச் சின்ன ஆபத்துகளில் சிக்காமல் விலகிக்கொள்வானா? காசு கொடுத்தால் நம்பலாமா? ஒவ்வொரு 'இல்லை' சொல்லும்போதும் அம்மாவின் குரல் ஒரு படி இறங்கும். எதிரே இருப்பவர் தலை நிமிராமல் டிக் அடித்துக்கொண்டே போவார்.

பதில் சொல்லிச் சொல்லி அந்தக் கேள்வித்தாள் எங்களுக்கு மனப்பாடம். ஆகவே பெற்றோர்களாகிய நாங்களே ஒரு மதிப்பீட்டுக் குழு அமைத்திருக்கிறோம். இனி நாங்கள் கேட்போம், நீங்கள் பதில் சொல்வீர்கள். அறிவுத்திறனை அளக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். அது உங்களுக்கு ஏராளமாக இருப்பது ஊரறிந்த விஷயம். தவிர, அறிவுசார் குறைபாடு என்ற பட்டத்தை உங்களுக்குச் சூட்டி எங்கள் பிள்ளைகளை அவமானப்படுத்தவும் மாட்டோம். சமூக முதிர்ச்சியை மட்டும் பார்க்கிறோம். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் வாருங்கள். உட்கார நாற்காலி கிடையாது. எங்களுக்கும் இருந்ததில்லை.

முதல் டோக்கன் உறவினருக்கு. கேள்வி: தின்னக்கூடியது எது, கூடாதது எது என்று பிரித்தறிவாரா?

அறியார். வரும்போதே கையில் ஒரு பொட்டலம் இருக்கும். மூளையைச் சுறுசுறுப்பாக்கும் லேகியம், யாரோ ஒரு சாமியார் மந்திரித்த தேன், வாட்ஸ்அப்பில் வந்த கஷாயம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குத் தைராய்டு பார்த்தாயா, இதயத்துக்கு எக்கோ எடுத்தாயா என்று மட்டும் கேட்க மாட்டார். 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் வருவது அது என்று பிரான்சில் ஜெரோம் லெஜூன் குழுவினர் 1959-இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். நம் அத்தைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை. "முழுகாம இருந்தப்போ கிரகணத்தன்னைக்கு வாசல்ல போய் நின்னியாடி?" என்று விசாரணை இன்றும் நடக்கிறது.

தாயைக் கூண்டில் ஏற்றுவதில் அத்தைகள் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் பாசக்குறைவுதான் என்று சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். அந்தப் புத்தகத்தை உலகம் தூக்கி எறிந்துவிட்டது. அத்தையைத் தூக்கி எறிய முடியவில்லை.

சித்தப்பா வேறு ரகம், அவர் தைரியம் சொல்கிறவர். "கவலைப்படாதம்மா, எங்க தாத்தாகூட ஏழு வயசுலதான் பேசினாரு." வளர்ச்சி பின்தங்கும் குழந்தைக்கு முதல் ஐந்தாறு வயதுக்குள் கொடுக்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். அந்த வயதை, என்றோ செத்துப்போன ஒரு தாத்தாவை நம்பித் தொலைத்த வீடுகள் எத்தனையோ. கடைசியாகக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒரு யோசனை: "சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோ. உங்களுக்கப்புறம் இவனைப் பாத்துக்க ஆள் வேணும்ல?" பிறக்காத குழந்தைக்கு ஆயுட்கால வேலைக்கான நியமன உத்தரவு அது.

அடுத்து, பள்ளி முதல்வர் உள்ளே வரலாம். கேள்வி: எளிய கட்டளையைப் புரிந்துகொண்டு அதன்படி நடப்பாரா?

கட்டளை எளியதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள் என்கிறது பிரிவு 16. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது பிரிவு 31. முதல்வருக்குப் புரிகிறதா? புரிகிறது. நடக்கிறாரா? "எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம், மத்த பேரன்ட்ஸ்தான் ஒத்துக்க மாட்டாங்க." "உங்க பையன் நல்லதுக்குத்தான் சொல்றோம்." "ஷேடோ டீச்சரை நீங்களே போட்டுக்கிட்டா யோசிக்கலாம்." சுவரில் 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே நின்றுகொண்டுதான் இத்தனையும் சொல்வார்.

தனியார்தான் இப்படி, அரசு அப்படியில்லை என்று எழுந்திருக்க வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியர்களை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு பின்னர் கணக்கு வகுத்தது. எத்தனை பணியிடம் என்று அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு நீதிமன்றம் 2025-இல் மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது. சொன்னதைச் செய்ய நான்கு வருடம் போதாத குழந்தைக்கு எங்கள் பிள்ளைகளின் பயிற்சி மையத்தில் என்ன குறிப்பு எழுதுவார்கள் தெரியுமா? 'கூடுதல் உதவி தேவை'. நம்மூரில் சிறப்புப் பயிற்றுநர்கள் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொகுப்பூதியத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி நிறுத்தி வைத்தது. டெல்லிக்கு அதன் கொள்கை, சென்னைக்கு அதன் கொள்கை. கொள்கை எதுவும் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவன் எங்கள் பையன் மட்டும்தான்.

அடுத்து, சான்றிதழும் உதவித்தொகையும் தரும் அலுவலகத்தைக் கூப்பிடுகிறோம். கேள்வி: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பாரா? சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா?

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு, ஆம். 'சர்வர் டவுன்', 'டாக்டர் லீவு', 'ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க', மறுபடியும் 'சர்வர் டவுன்'. எங்கள் பிள்ளை இப்படி ஒரே சொல்லைத் திருப்பிச் சொன்னால் அதற்கு ஒரு நோய்ப்பெயர் வைத்துத் தெரபி எழுதிக் கொடுப்பார்கள். இவர் சொன்னால் அதற்குப் பெயர் நடைமுறை. சான்றிதழை 5 வயதில் ஒருமுறை, 10 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வா என்கிறார். நடுவில் அந்த மூன்றாவது குரோமோசோம் மனம்மாறி இறங்கிப் போய்விட்டதா என்று அரசுக்குத் தெரிய வேண்டாமா?

இதெல்லாம் எதற்கு? மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு. 1,500 ஆக இருந்தது 2,000 ஆயிற்று, நன்றியோடு குறித்துக்கொள்கிறோம். தனியார் மையத்தில் முக்கால் மணி நேரத் தெரபிக்கு ஐந்நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு நான்கு நாள். மீதி இருபத்தாறு நாளும் பிள்ளை குறைபாடில்லாமல் இருந்துகொள்ள வேண்டியதுதான். அந்தத் தொகையும் தொடர்ந்து வர, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். இரவெல்லாம் தூங்கவிடாமல் அவன் கத்துவதைக் கேட்டுச் சண்டைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினால் சாட்சியாக ஏற்றுக்கொள்வீர்களா?

வருமான வரித்துறைக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து ஒரே டோக்கன். கேள்வி: காசை நம்பி ஒப்படைக்கலாமா?

வருமான வரிச் சட்டத்தின் பழைய வரிமுறையில், இப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருப்பவர் 75,000 ரூபாய், தீவிரக் குறைபாடென்றால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நல்ல விஷயம். பிள்ளைக்காகக் காப்பீடு எடுத்தாலும் இதில் சேரும். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: பெற்றவர் செத்த பிறகுதான் அந்தப் பணம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குப் பணம் வரும்படி திட்டம் போட்டால் சலுகை கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அதன்பின் 2022 பட்ஜெட்டில், பெற்றோருக்கு 60 வயதானால் போதும் என்று மனமிரங்கினார்கள். அதுவரை இந்தியக் குடியரசு எங்களைப் பார்த்துச் சொன்னது இதுதான்: சலுகை வேண்டுமா, முதலில் செத்துக் காட்டு.

எங்களுக்கும் சாவதில் பெரிய ஆட்சேபனை இல்லை. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே கேள்விதான் தடுக்கிறது. அதற்கும் சட்டம் உண்டு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டு, சட்டப்பூர்வப் பாதுகாவலர் என்று நியமனம் வாங்க வேண்டும். அத்தனை வருடம் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் கழுவிவிட்டவள், அவனுக்கு வங்கிக் கணக்கு தொடங்க, தான் அவனுக்கு யார் என்பதை விளக்கி விண்ணப்பிக்கிறாள். சட்டத்தின் நோக்கம் பாதுகாப்புதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து 'எல்லாம் உன் பொறுப்புதானம்மா' என்ற ஊர், அன்றைக்குத்தான் முதல்முறையாக 'உனக்கென்ன உரிமை?' என்று கேட்கிறது.

பொதுமக்களே, உங்களுக்கும் உண்டு. கேள்வி: ஆபத்து எது என்று அடையாளம் காண்பீர்களா? 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு சிறுவன் பதற்றத்தில் இருந்தான். அமைதிப்படுத்த வேண்டியவர்கள், மற்றப் பயணிகளுக்கு ஆபத்து என்று சொல்லி அவனை விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். அந்த விமான நிறுவனத்துக்குப் பிறகு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. நம்மூர் டவுன் பஸ்ஸில் அபராதம் போட யாரும் இல்லை. பிள்ளை லேசாகக் கத்தினால் போதும், அதுவரை போனில் சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "பிள்ளையை அடக்கத் தெரியாதாம்மா?" என்பார்.

சினிமாவுக்கு நேரம் அதிகம் தர முடியாது. கேள்வி: தொடங்கிய கதையை முடிக்கத் தெரியுமா? 'அஞ்சலி' 1990-இல் வந்தது. ஊரே அழுதது, நாங்களும் அழுதோம். படம் முடியும்போது குழந்தை செத்துப்போகிறாள், கதைக்கு அது வசதி. எங்கள் பிள்ளைகள் சாகாமல் நாற்பது வயதைத் தொடுகிறார்கள். மீசை நரைக்கிறது, மாதவிடாய் வருகிறது, கோபம் வருகிறது, ஆசை வருகிறது. எழுபது வயது அம்மா நாற்பது வயது மகனுக்குச் சவரம் செய்துவிடுகிற காட்சிக்கு இசையமைக்க ஆளில்லை.

வீட்டு அப்பாக்கள் கதவருகிலேயே நிற்கிறார்கள். கேள்வி: வீட்டு வேலையில் அன்றாடப் பொறுப்பை ஏற்பாரா? விதிவிலக்குகள் உண்டு, அவர்களை வணங்கி அனுப்பிவிட்டோம். மற்றவர்கள் "நான் சம்பாதிச்சாத்தானே தெரபிக்குக் காசு" என்கிறார்கள். உண்மைதான். வேலையை விட்டவள் யார் என்று மட்டும் கேட்டோம். இமாச்சலத்தில் ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை, குறைபாடுள்ள மகனைக் கவனிக்க விடுப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். அப்படிப்பட்ட தாய்க்கு விடுப்பை மறுக்கக் கூடாது என்று நீதிபதிகள் 2024-இல் சொன்னார்கள். அவர் அரசுப் பணியில் இருந்தார், போராட ஒரு விடுப்பாவது இருந்தது. கார்மென்ட் கம்பெனியில் ஷிப்டுக்குப் போனவளுக்கு வழக்கே இல்லை. அடுத்த நாள் வேறொருத்தி அந்தத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள்.

இனி, குழு ஆவலோடு எதிர்பார்த்திருந்த விருந்தினர்: தன்னம்பிக்கைப் பேச்சாளர். கேள்வி: எங்கே எதைப் பேசுவது என்று தெரியுமா?

2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ஒருவரை அழைத்தார்கள். உடற்குறையோடு பிறப்பதற்கெல்லாம் போன பிறவியின் பாவம்தான் காரணம் என்று அவர் ஊட்டினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் எழுந்து அந்த மேடையிலேயே எதிர்த்தார். பேச்சாளருக்குக் கோபம் வந்தது. பின்னர் போலீசும் வந்தது. ஆனால் அவர் புதிதாக என்ன சொல்லிவிட்டார்? எங்கள் வீட்டுக் கூடத்தில், கோயில் பிராகாரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் தினமும் கேட்கிற பேச்சுதான். மைக் பிடித்துச் சொன்னதால் மாட்டிக்கொண்டார்.

மற்றப் பேச்சாளர்கள் நல்லவர்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளில் வருவார்கள். பத்து மணி விழாவுக்கு எட்டு மணிக்கே எங்களை வரிசையாக உட்காரவைத்து, பன்னிரண்டு மணிக்குத் தலைவர் வந்ததும், "கடவுள் உங்களை நம்பித்தான் இந்தத் தெய்வக் குழந்தையைக் கொடுத்திருக்கிறார்" என்பார்கள். அப்போது தெய்வக் குழந்தைக்கு மூத்திரம் வந்திருக்கும். பந்தலில் அவனை அழைத்துப்போகக் கழிப்பறை இருக்காது. பொன்னாடை இருக்கும்.

தன்னம்பிக்கை எப்படி வருகிறது என்று உளவியல் அறுதியிட்டு வெகுகாலம் ஆகிறது. ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதினார்: 'என்னால் முடியும்' என்ற எண்ணம், ஒரு காரியத்தைச் செய்து ஜெயித்துப் பார்ப்பதிலிருந்துதான் வலுவாக வருகிறது. பிறர் சொல்லிக் கேட்டு வருவது நிற்காது. தாய்க்குத் தைரியம் வருவது பொன்னாடையால் அல்ல. பிள்ளை முதல்முறையாகக் கையைப் பிடித்து இழுத்துக் கழிப்பறையைக் காட்டுகிற அன்று வருகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க, பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் அதைத்தான் செய்கிறது. கிராமத்திலேயே பயிற்சி பெற்ற பெண்கள் வீடு தேடி வந்து தாய்க்குக் கற்றுத் தருகிறார்கள். குடும்பத்தின் மேலுள்ள பாரம் குறைவதை ஆய்வாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னையில் மதுரம் நாராயணன் மையம் 1989-இலிருந்து, பிள்ளையோடு தாயையும் உட்காரவைத்துப் பயிற்சி தருகிறது. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. செய்ய மனமிருப்பவர்களுக்குத் தெரிகிற வேலை.

மன அழுத்தமும் நீங்கள் நினைக்கிற இடத்திலிருந்து வருவதில்லை. பேக்கர், பிளாக்கர் ஆகியோரும் கூட்டாளிகளும் 2002-இல் அமெரிக்காவில் மூன்று வயதுக் குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். பெற்றோரை வாட்டுவதில், வளர்ச்சி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைவிட, சமாளிக்க முடியாத நடத்தைச் சிக்கல்களுக்கே பங்கு அதிகம் என்று கண்டார்கள். அதாவது நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்த அந்த எண் எங்களைக் கொல்லவில்லை. அவன் தலையைச் சுவரில் முட்டும்போது என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளில்லாததுதான் கொல்கிறது. இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு என்று சொல்ல ஒருவரும் இல்லாததுதான் கொல்கிறது. ஒருநாள் ஒரு தாய் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிணற்றைத் தேடிப் போனால், மறுநாள் 'மன உளைச்சலில் விபரீத முடிவு' என்று ஒற்றைப் பத்திச் செய்தி போடுகிறீர்கள். அந்த உளைச்சலுக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று மொய் நோட்டு எழுதினால், இந்த வரிசையில் ஒருவர் பெயரும் விடுபடாது.

மதிப்பீடு முடிந்தது. குழுவின் தீர்ப்பு: சமூக முதிர்ச்சிக் குறைபாடு, 90 சதவீதம். முழுதாக 100 கொடுக்கத்தான் நினைத்தோம். ராஞ்சியில் சக பயணிகள் சிலர் அந்தச் சிறுவனுக்காக வாதாடினார்கள். அசோக் நகரில் ஒருவர் எழுந்து நின்றார். ஆய்க்குடிப் பக்கம் இன்று காலையும் ஒருத்தி யார் வீட்டுத் திண்ணையிலோ போய் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து அவர்கள் சம்பாதித்தது. மற்றவர்கள் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

மேலும் ஒரு குறிப்பு. உங்கள் குரோமோசோம்களைப் பார்த்தோம், எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத்திணறல் இல்லை, மூளைக்காய்ச்சல் வந்ததில்லை. உங்களுடையது பிறவிக் குறைபாடு அல்ல, பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது. பயிற்சி எடுத்தால் மாறக்கூடியது. எடுக்காமல் இருப்பது உங்கள் விருப்பம். ஆகவே சலுகை எதுவும் கிடையாது.